நுனி கருகும் இலையும் அறைக்காற்றின் ஈரமும்

கோலமிட்டது போன்ற இலைகளுக்காக வீட்டுக்குள் வைக்கும் கலாத்தியாச் செடியை வளர்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். வாங்கி வரும் நாளில் ஒவ்வோர் இலையும் தூரிகையால் வரைந்ததுபோல் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஏதோ ஓர் இலையின் நுனியில் ஊசிமுனை அளவு பழுப்பு தெரியும். பிறகு அது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். தொட்டால் காய்ந்த காகிதம்போல் நொறுங்கும். யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "காற்றில் ஈரப்பதம் போதவில்லை, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்." நானும் பல மாதங்கள் தவறாமல் தெளித்தேன். நுனி கருகுவது நிற்கவில்லை. இலைக்காம்பின் மடிப்பில் தண்ணீர் தங்கிய இடங்களில் கரும்புள்ளிகள்தான் புதிதாக வந்தன.

அந்த அறிவுரையில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெப்பமண்டலக் காட்டின் தரையில், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடிக்கு நம் அறைக்காற்று வறண்டதுதான். ஆனால் அந்த வறட்சி எவ்வளவு, அதை ஈடுகட்ட எவ்வளவு தண்ணீர் வேண்டும், தெளிப்பானிலிருந்து போகும் தண்ணீர் எத்தனை நிமிடம் நிற்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஈரப்பதத்தைக் கிராமில் எண்ணத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மீதிப் பாதி காற்றிலேயே இல்லை, தொட்டிக்குள் இருந்தது.

இலை ஏன் தண்ணீரை இழக்கிறது

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இலைத்துளை என்று பாடநூல்களில் படித்திருப்போம். உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இந்தத் துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீராவி வெளியே போகும். இலையின் உள்ளே இருக்கும் காற்று எப்போதும் கிட்டத்தட்ட நூறு சதவீதம் ஈரத்தோடு இருக்கிறது. வெளிக்காற்று அதைவிட வறண்டது. இந்த வித்தியாசம்தான் தண்ணீரை இலையிலிருந்து வெளியே இழுக்கும் விசை. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் காற்றுக்கே போய்விடுகிறது; செடியின் உடலாக மாறுவது மிகச் சிறு பங்கு.

இதை வெறும் இழப்பாகப் பார்க்கக் கூடாது. மேலே தண்ணீர் போகப் போகத்தான் கீழிருந்து புதிய தண்ணீர் ஏறுகிறது. அதோடு உப்புச் சத்துகளும் ஏறுகின்றன. கால்சியம் அனேகமாக இந்த நீரோட்டத்தில் மட்டுமே பயணம் செய்யும். அதனால் செடிக்கு வேண்டியது நீரிழப்பே இல்லாத நிலை அல்ல. வேர் கொடுக்கும் வேகத்துக்குள் இழப்பு அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

வேர் கொடுப்பதைவிட இலை வேகமாக இழந்தால் செடி முதலில் துளைகளை மூடிக்கொள்ளும். வளர்ச்சி மந்தமாகும். அப்போதும் போதவில்லையென்றால் இலைக்குள் நீர் ஓடும் குழாயின் கடைசியில் இருக்கும் திசுக்கள் காயத் தொடங்கும். நுனியும் ஓரமும் முதலில் கருகுவது இதனால்தான். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் நிற்பது போல.

60 சதவீதம் என்றால் எத்தனை டிகிரியில்?

செடி வளர்ப்பவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் எண் 60. "கலாத்தியாவுக்கு 60 வேண்டும், மணி பிளாண்ட்டுக்கு 40 போதும்" என்பார்கள். இந்த எண் சார்பு ஈரப்பதம். அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பது. வெப்பநிலை மாறினால் அந்த அதிகபட்சமே மாறிவிடும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். பாத்திரத்தின் அளவே மாறும்போது "பாதி நிரம்பியிருக்கிறது" என்ற பேச்சு மட்டும் எதையும் முழுதாகச் சொல்லாது.

தாவர ஆய்வாளர்கள் அதனால் வேறோர் அளவைப் பயன்படுத்துகிறார்கள்: ஆவி அழுத்தக் குறைபாடு. இன்னும் எவ்வளவு நீராவிக்குக் காற்றில் இடமிருக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்லும் எண் அது. நேராகச் சொன்னால் காற்றின் தாகம். 60 சதவீத ஈரப்பதம் 18 டிகிரியில் என்றால் இந்தக் குறைபாடு சுமார் 0.8 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அதே 60 சதவீதம் 30 டிகிரியில் என்றால் 1.7. ஈரப்பதம் அளக்கும் ஈரமானியில் எண் மாறவே இல்லை; காற்று இலையிலிருந்து தண்ணீரை இழுக்கும் விசை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கோடையில் "அறுபது காட்டுகிறதே, பிறகும் ஏன் வாடுகிறது" என்று குழம்புவோருக்கான பதில் இதில் இருக்கிறது.

குளிர் நாடுகளில் சூடேற்றிய அறைகள் பாலைவனம்போல் ஆவதற்கும் காரணம் இதுவே. வெளியே பூஜ்ய டிகிரியில் 80 சதவீத ஈரம் இருக்கும்; குளிரும் ஈரமுமாகத்தான் தோலில் உறைக்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் சார்பு ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். ஒரு துளி தண்ணீரையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. ஏசி அறையின் கதை வேறு. குளிர்சுருளின் மேல் காற்றிலுள்ள நீராவி படிந்து, குழாய் வழியே சொட்டி வெளியேறுகிறது. அங்கே உண்மையாகவே தண்ணீர் வெளியே எடுக்கப்படுகிறது. ஆனாலும் நன்றாக இயங்கும் ஏசி அறையில் ஈரப்பதம் பெரும்பாலும் 50ஐ ஒட்டியே நிற்கும். அந்த எண் பெரும்பாலான செடிகளைக் கொல்லாது. கொல்வது நேராக இலைமேல் அடிக்கும் காற்று. இலையை ஒட்டி மெல்லிய ஈரக்காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் இருக்கும். வீசும் காற்று அதைத் தொடர்ந்து உரித்துக்கொண்டே இருந்தால், அறையின் சராசரி எண் என்னவாக இருந்தாலும் அந்த இலைக்கு அது வறட்சிதான். தொட்டியை இரண்டடி தள்ளி வைத்ததில் தீர்ந்த பிரச்சினைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெயில் இன்னொரு மறைமுகக் காரணம். 24 டிகிரி அறையில் ஜன்னலோர வெயில் பட்ட இலை 28 டிகிரிக்குப் போகலாம். அப்போது இலைக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தமும் ஏறிவிடும். அறையில் 50 சதவீத ஈரம் இருந்தாலும் அந்த இலை தண்ணீர் இழக்கும் வேகம், அறை 23 சதவீதத்துக்கு வறண்டுவிட்டால் வெயில் படாத இலை இழக்கும் வேகத்துக்குச் சமம். ஒரு மெல்லிய திரைச்சீலை, விலை உயர்ந்த கருவி செய்யும் வேலையைச் செய்துவிடும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஓர் அறையை ஈரமாக்க எத்தனை கிராம்?

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 36 கன மீட்டர் காற்று. 24 டிகிரியில் இந்த அறைக்காற்று முழுதும் ஈரத்தால் நிரம்பினால் அதில் ஏறத்தாழ 785 கிராம் தண்ணீர் இருக்கும். 40 சதவீதம் என்றால் 314 கிராம். 60 சதவீதம் என்றால் 471. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 157 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை!

இதைப் பார்த்ததும் தெளிப்பானை எடுக்கத்தான் தோன்றும். ஆனால் எந்த அறையும் மூடிய பாட்டில் இல்லை. கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், காற்றுப் போக்கி வழியே காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு அறைக்காற்றில் பாதி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் (ஜன்னல் மூடிய சாதாரண அறைக்கு இது மிகையான ஊகமில்லை), 60ஐத் தக்கவைக்க மணிக்குச் சுமார் 78 கிராம் தண்ணீரைக் காற்றில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 1.9 லிட்டர் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் இந்தக் கணக்கு கையைவிட்டுப் போய்விடும்.

இப்போது தெளிப்பானுக்கு வருவோம். ஓர் அழுத்தத்துக்கு ஒரு மில்லி என்று கொண்டால் இருபது அழுத்தத்துக்கு 20 மில்லி. அது முழுதும் ஆவியானாலும் அறையின் ஈரப்பதம் இரண்டரை சதவீதம் உயரும். இரண்டு மணி நேரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போயிருக்கும். நாளுக்கு இரண்டு வேளை தெளித்தால் 40 மில்லி, வேண்டியதோ 1900. இலைமேல் தண்ணீர் இருக்கும் சில நிமிடங்களுக்கு அந்த இலையைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் 1440 நிமிடங்கள் உண்டு. தெளிப்பதால் தூசி கழுவப்படும், சிலந்திப் பேன் இருந்தால் கண்ணில் படும், செடியை தினமும் அருகில் நின்று பார்ப்போம். அவை நல்ல காரணங்கள்தான். ஈரப்பதத்துக்காகத் தெளிக்கிறேன் என்று சொல்வது மட்டும் கணக்கில் நிற்காது.

கல் பரப்பித் தண்ணீர் ஊற்றித் தொட்டிக்கு அடியில் வைக்கும் கூழாங்கல் தட்டுக்கும் இதே கணக்கு. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டில் நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 140 மில்லி. தேவையில் பதின்மூன்றில் ஒரு பங்கு. தட்டுக்கு நேர் மேலே ஒரு விரற்கடை உயரத்தில் ஈரமானியை வைத்தால் எண் கொஞ்சம் ஏறும். இலை இருக்கும் உயரத்துக்குப் போவதற்குள் அது அறைக்காற்றோடு கலந்துவிடும். தட்டு வேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை. தொட்டியின் அடி தண்ணீரில் முழுகாமல் கல்லின்மேல் நின்றால் தீங்கு ஒன்றும் இல்லை.

செடிகளைக் கூட்டமாக வைப்பது பற்றி நான் முதலில் நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தேன். கணக்குப் போட்டதும் மனம் மாறியது. நடுத்தரமான ஒரு செடி நாளுக்கு 100 மில்லி தண்ணீரைக் காற்றில் விடுகிறது என்று வைத்தால், பத்துச் செடிகள் ஒரு லிட்டர். கூழாங்கல் தட்டுகள் ஏழு சேர்ந்து தருவதற்குச் சமம். அதோடு நெருங்கி நிற்கும் இலைகள் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்து, அந்த ஈரப் போர்வையைத் தக்கவைக்கும். காட்டுத் தரையில் நடப்பதும் இதுதான். ஆனால் இலையோடு இலை ஒட்டி நசுங்கும் அளவுக்கு நெருக்கினால், ஒன்றில் வந்த பூச்சி ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் இருக்கும்.

மூடிய கண்ணாடி

அறை பெரிது, இடுக்கு அதிகம் என்பதுதான் சிக்கல் என்றால் தீர்வு இடத்தைச் சுருக்குவதில் இருக்கிறது. இதைத் தற்செயலாகக் கண்டவர் நத்தானியல் பாக்‌ஷா வார்ட் என்ற லண்டன் மருத்துவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரத்தில் அவர் வளர்க்க முயன்ற பெரணிகள் பிழைக்கவே இல்லை. 1829 வாக்கில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இட்டு மூடிவைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, மண்ணிலிருந்து தானே முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வழிந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே அவை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 1833இல் இதே முறையில் மூடிய பெட்டிகளில் செடிகளை வைத்து லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கான கடற்பயணத்துக்குப் பின்னும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு உலகின் பயிர் வரலாறே இந்தப் பெட்டிகளில் ஏறிக் கடல் கடந்தது. 1842இல் தம் முறையை ஒரு நூலாகவும் எழுதினார்.

அவர் கண்டதை நம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 80 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம், 150 உயரம் உள்ள கண்ணாடி அலமாரிக்குள் அரை கன மீட்டருக்கும் குறைவான காற்றே இருக்கிறது. அதை 40இலிருந்து 80 சதவீதத்துக்கு உயர்த்தத் தேவையான தண்ணீர் நான்கு கிராமை ஒட்டி. ஒரு தேக்கரண்டிகூட இல்லை. கதவு மூடியிருந்தால் தொட்டி மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் வருவதே போதும். கருவி எதுவும் தேவைப்படாது. மெல்லிய இலைகொண்ட பெரணி, சிறு ஆந்தூரியம், குடுவை தாவரமான நெப்பந்திஸ் போன்றவற்றை வளர்க்க ஆசைப்படுவோருக்கு நான் சொல்வது இதைத்தான்: அறை முழுவதையும் காடாக்கப் போராடாதீர்கள், செடியைக் கண்ணாடிக்குள் வையுங்கள்.

ஒரு கவனம் வேண்டும். மூடிய கண்ணாடியில் நேர் வெயில் பட்டால் உள்ளே வெப்பம் கிடுகிடுவென ஏறி, இலைகள் ஒரே பகலில் வெந்துபோகும். வெளிச்சம் வரட்டும், வெயில் வரக்கூடாது. உள்ளே மெதுவாகச் சுழலும் ஒரு சிறு மின்விசிறி இருந்தால் பூஞ்சையும் கட்டுப்படும்.

காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வாங்குவதற்கு முன்

முதலில் ஒரு ஈரமானி. 1783இல் சுவிட்சர்லாந்தின் ஒராஸ் பெனெடிக்ட் டி சோசூர் மனிதத் தலைமுடியை வைத்தே ஈரமானி செய்து காட்டினார். ஈரத்தில் முடி நீளும் என்பதே அதன் அடிப்படை. இன்று கிடைக்கும் சிறிய டிஜிட்டல் கருவிகள் வசதியானவை, ஆனால் ஐந்து சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சாதாரணம். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல்போல் ஆகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி ஒரு நாள் வைத்துவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை எப்போதும் 75 சதவீதத்தில் நிறுத்தும். கருவி 70 காட்டினால் ஐந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு அதைச் சுவரில் மாட்டாமல், வெயில் படாத இடத்தில், இலை இருக்கும் உயரத்தில் ஒரு வாரம் வையுங்கள். காலை, நண்பகல், இரவு என்று குறித்துப் பார்த்தால் தேவை இருக்கிறதா என்பதே தெரிந்துவிடும். ஹியூமிடிஃபையர் வாங்க நினைத்த பலர் இந்த வாரத்தின் முடிவில் மனம் மாறுவார்கள்.

தேவைதான் என்றால், இரண்டு வகைகள். அல்ட்ராசோனிக் கருவி அதிர்வால் தண்ணீரை நுண்துளிகளாக்கிப் புகைபோல் விடும். சத்தம் குறைவு, பார்க்க அழகு. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளும் துளியோடு பறந்து, இலையிலும் மேசையிலும் வெள்ளைத் தூளாகப் படியும். உப்பு நீக்கிய தண்ணீர் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. மற்றது, நனைந்த திரியின் ஊடே விசிறியால் காற்றைச் செலுத்தும் வகை. நீராவி மட்டுமே வெளியே வரும், உப்பு திரியிலேயே தங்கிவிடும். திரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். எதுவானாலும் கருவியின் தொட்டியிலுள்ள தண்ணீரைத் தினமும் மாற்றுவதும் வாரத்துக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுவதும் கட்டாயம். தேங்கிய நீரில் வளரும் கிருமிகளைத்தான் நாம் பிறகு மூச்சில் இழுப்போம். கொள்ளளவைப் பார்த்து வாங்குங்கள்: நாளுக்கு 1.9 லிட்டர் தேவைப்படும் அறைக்கு அரை லிட்டர் பிடிக்கும் மேசைக் கருவி பொம்மைதான்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதில் செடியை மட்டும் பார்க்கக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழும், முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையிலும் வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் சுவரில் பூசணம் பிடிக்கும், தூசிப்பேன் பெருகும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு கலாத்தியாவுக்காக அறையை 70க்கு ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெப்பமண்டலச் செடிகளில் பெரும்பாலானவை 50இல் நன்றாகவே இருக்கும்.

இரவுக்கு ஒரு வார்த்தை. மாலையில் 24 டிகிரி, 60 சதவீதம் என்று இருந்த அறை, விடியற்காலை 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதே நீராவி 87 சதவீதம் ஆகிவிடும். 15 டிகிரிக்குக் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், இலைமேலும் படியலாம். இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் நேரம் அது, செடிக்கு அந்த ஈரம் தேவையும் இல்லை. கருவியை மாலையில் நிறுத்திவிட்டுக் காலையில் போடுவது நல்லது.

கருகலுக்குக் காற்று காரணமில்லாதபோது

என் கலாத்தியாவுக்கு வருகிறேன். ஈரமானி வாங்கிப் பார்த்தபோது அறை 55ஐச் சுற்றியே இருந்தது. பிறகு தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தேன். அடிமண் சேறாக இருந்தது. கீழ்ப்பாதி வேர்கள் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தது. வேர் அழுகினால் தண்ணீர் நிறைய இருந்தும் செடியால் குடிக்க முடியாது. மேலே தெரிவது வறட்சியின் அடையாளம்தான்: நுனி கருகும், இலை சுருளும். அதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், இன்னும் தெளிப்போம். செடிகளை அன்போடு கொல்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

தண்ணீரின் தரமும் உண்டு. கடின நீரிலும் அதிகம் போட்ட உரத்திலும் உள்ள உப்புகள் நீரோட்டத்தோடு ஏறி, நீர் ஆவியாகும் நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடும். டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் போன்றவை குழாய்த் தண்ணீரின் ஃபுளோரைடுக்கே நுனி கருகக் கூடியவை. கலாத்தியாவின் குடும்பமும் இதில் மென்மையானது. இரவு முழுவதும் வாளியில் வைத்த தண்ணீரில் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. மழைநீரோ உப்பு நீக்கிய நீரோ ஊற்றி இரண்டு மாதம் பார்ப்பதுதான் சோதனை. மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடிய விட்டால் உப்பு கழுவிக்கொண்டு போகும்.

காற்றால் வந்த கருகலா, வேரால் வந்ததா என்று பிரித்தறியச் சில குறிகள் உண்டு. புது இலை விரியும்போதே சிக்கிக் கிழிந்தால், உறையிலிருந்து வெளியே வர முடியாமல் திணறினால், காற்று வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். பழைய இலைகள் மஞ்சளாகிக்கொண்டே நுனியும் கருகினால் மண்ணைப் பாருங்கள். ஜன்னல் பக்கமோ ஏசிப் பக்கமோ உள்ள இலைகள் மட்டும் கருகினால் இடம்தான் காரணம். இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே மங்கிய பொடிப்புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப் பேன். சூடும் வறட்சியும் அதற்கு மிகவும் பிடிக்கும், ஆனால் வந்த பிறகு ஈரப்பதத்தை ஏற்றினால் மட்டும் போகாது. இலைகளை இருபுறமும் கழுவித் துடைக்க வேண்டும்.

ஈரம் கூடினாலும் நுனி கருகலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். காற்று ஏறக்குறைய நிரம்பி நின்றால் நீரோட்டம் நின்றுவிடும். கால்சியம் இளந்தளிருக்குப் போய்ச் சேராது. தளிரின் ஓரம் கருகிக் கோணலாக விரியும். பசுமைக்குடிலில் கீரை வகை வளர்ப்பவர்கள் இந்தக் கருகலை நன்கு அறிவார்கள். காற்றோட்டமே இல்லாத மூடிய பெட்டியில் இதைப் பார்த்தால், கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பதே மருந்து.

புது இலையைப் பார்த்து முடிவெடுங்கள்

நர்சரியின் பசுமைக்குடிலில், ஈரக்காற்றில் உருவான இலைக்கு மெழுகுப் படலம் மெல்லியதாகவே அமையும். மிக ஈரமான காற்றில் வளர்ந்த இலைகளின் துளைகள், பிறகு வறட்சி வந்தாலும் சரியாக மூடுவதில்லை. அந்த இலை நம் அறைக்கு வரும்போது ஏறக்குறைய திறந்த கதவோடு வருகிறது. முதல் மாதத்தில் சில நுனிகள் கருகுவது இதனால்தான். வளர்ப்பவரின் தவறு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் அறையிலேயே உருவாகும் அடுத்த இலைகள் இந்தக் காற்றுக்கேற்ற தோலோடு வரும். முடிந்தால் வாங்கி வந்த செடியை முதலில் ஒளி ஊடுருவும் பையாலோ கண்ணாடியாலோ தளர்வாக மூடி, இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்துவிடலாம்.

எல்லாச் செடிக்கும் இந்தப் பாடு வேண்டாம். மணி பிளாண்ட், ரப்பர் செடி, ஹோயா, இசட்இசட் ஆகியவற்றின் தடித்த இலைகள் வறண்ட அறையையும் தாங்கும். ஸ்நேக் பிளாண்ட் இலைத்துளைகளை இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்ளும் வகை. அதற்கு ஹியூமிடிஃபையர் வைப்பது வீண். மான்ஸ்டெரா 40 சதவீதத்திலும் வளரும், 60இல் இலைகள் இன்னும் பெரிதாகவும் சீராகவும் விரியும். கலாத்தியா, மென்மையான பெரணிகள், மெல்லிலை ஆந்தூரியங்கள் மட்டுமே உண்மையில் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவை.

கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. கத்தரியால் வெட்டுவதானால் இலையின் வடிவத்தை ஒட்டி, பழுப்பில் மயிரிழை அளவு விட்டு வெட்டுங்கள்; பச்சையில் கத்தரி பட்டால் அந்த வெட்டுவாய் மறுபடி காயும். என் செடியின் அழுகிய வேர்களை நீக்கி, நீர் நன்றாக வடியும் கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றினேன். ஜன்னலிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி வைத்து, மழைநீர் ஊற்றினேன். தெளிப்பதை நிறுத்திவிட்டேன். ஏழு வாரம் எதுவும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் நடுவிலிருந்து சுருட்டிய தாள்போல் ஓர் இலை எழுந்து, ஐந்து நாளில் விரிந்தது. அதன் காம்பில் ஒரு நூலைக் கட்டி, தேதியை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு மாதம் ஆகிறது. நுனி இன்னும் பச்சையாகவே இருக்கிறது.